ஊரைத் தாண்டிப் போன ஆறு

உங்கள் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஓர் ஆறு ஓடுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருப்பது அயல் தேசம். அங்கே பாஷை வேறு, நாணயம் வேறு, கொடி வேறு. இருந்தால் இருக்கட்டுமே! உங்கள் வீடும் கிணறும் முருங்கை மரமும் இக்கரையில்தானே இருக்கின்றன?

ஒரு வருஷம் பெரு வெள்ளம் வருகிறது. வெள்ளம் வடிந்ததும் கதவைத் திறந்து பார்க்கிறீர்கள். கொல்லைப் பக்கம் ஓடிய ஆறு வாசல் பக்கம் ஓடிக் கொண்டிருக்கிறது! இப்போது நீங்கள் எந்தத் தேசத்துப் பிரஜை? வீட்டு வரியை எந்தச் சர்க்காருக்குக் கட்டுவது? அடுத்த தெருவில் கட்டிக் கொடுத்த பெண்ணைப் பார்த்து வரப் பாஸ்போர்ட் வாங்க வேண்டுமா?

கற்பனை என்று தள்ளி விடாதீர்கள். அமெரிக்காவும் மெக்ஸிகோவும் ஏறக்குறைய 100 வருஷ காலம் தலையைப் பிய்த்துக் கொண்ட விஷயம் இது. அந்த விவகாரத்தில் கட்சிக்காரர்கள் மூன்று பேர்: ஓர் ஆறு, ஒரு படம், சில ஆயிரம் ஜனங்கள். ஆற்றுக்கும் படத்துக்கும் நடந்த சண்டையில் விட்டுக் கொடுத்தவர்கள் யார் என்பதுதான் கதை.

படத்தில் ஒரு வேடிக்கை

டெக்ஸாஸ் ராஜ்யத்தின் மேற்கு மூலையில் எல் பாஸோ என்று ஒரு நகரம் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே மெக்ஸிகோவின் ஹுவாரெஸ் நகரம். இரண்டுக்கும் நடுவே ஓடும் ஆற்றை அமெரிக்கர்கள் 'ரியோ கிராண்டே' என்கிறார்கள்; பெரிய ஆறு என்று அர்த்தம். மெக்ஸிகோக்காரர்கள் 'ரியோ பிராவோ' என்கிறார்கள். முரட்டு ஆறு என்று அர்த்தம். ஆற்றின் குணத்தைச் சரியாகப் புரிந்து கொண்டவர்கள் மெக்ஸிகோக்காரர்கள்தான் என்று இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் நீங்களே சொல்வீர்கள்.

கொலராடோ மலைகளில் பிறந்து சுமார் 1,900 மைல் ஓடிக் கடலில் கலக்கும் ஆறு இது. அதில் ஏறக்குறைய 1,250 மைல் தூரத்துக்கு இரண்டு தேசங்களுக்கும் இதுவே எல்லை.

1950-களில் அமெரிக்க சர்க்காரின் நில அளவைத் துறை தேசம் முழுவதற்கும் பெரிய பெரிய படங்கள் போட்டு வந்தது. 1 அங்குலத்துக்கு 2,000 அடி என்ற கணக்கு. ஆகாய விமானத்திலிருந்து ஒரே இடத்தைச் சற்றுத் தள்ளித் தள்ளி இரண்டு புகைப்படங்கள் எடுப்பார்கள். இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று என்று கருவியில் வைத்துப் பார்த்தால், மேடும் பள்ளமும் கண் முன் எழுந்து நிற்கும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை எல்லாம் சேர்த்துப் பழுப்பு நிறத்தில் கோடு இழுப்பார்கள். கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்து மலை. விலகி இருந்தால் சமவெளி. தண்ணீர் நீலம், மரம் செடி பச்சை, மனிதன் கட்டியதெல்லாம் கறுப்பு. பிறகு ஆட்கள் நேரிலே போய்த் தெருப் பெயரையும் ஊர்ப் பெயரையும் சரி பார்த்து வருவார்கள்.

எல் பாஸோ பிரதேசத்துக்கு அந்த நாளில் போட்ட படத்தை விரித்தால் ஒரு வேடிக்கை தெரியும். தேச எல்லையைக் காட்டும் கறுப்புக் கோடு ஆற்றோடு ஒட்டிக் கொண்டு நல்ல பிள்ளையாக வருகிறது. நகரத்தின் நடுவே வந்ததும் ஆற்றை விட்டு விலகி, வடக்கே வளைந்து ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி விட்டு மறுபடி ஆற்றில் வந்து சேர்ந்து கொள்கிறது. புடவையில் தலைப்பு மட்டும் பிதுங்கிக் கொண்டு நிற்பது போல், மெக்ஸிகோ தேசத்தின் ஒரு துண்டு ஆற்றைத் தாண்டி அமெரிக்க நகரத்துக்குள் பிதுங்கி நிற்கிறது. அதன் பெயர் கார்டோவா தீவு. நாலு பக்கமும் தண்ணீர் இல்லாத தீவு!

ஆற்றின் நடுவே எல்லை என்று ஒப்புக் கொண்ட தேசங்களுக்கு இப்படி ஒரு கோணல் எங்கிருந்து வந்தது?

சட்டம் சொன்னது ஒன்று

1846-ல் அமெரிக்காவுக்கும் மெக்ஸிகோவுக்கும் யுத்தம் மூண்டது. மெக்ஸிகோ தோற்றது. 1848 பிப்ரவரியில் ஏற்பட்ட உடன்படிக்கையில், ரியோ கிராண்டேயின் நடு மத்தியே எல்லை என்று எழுதிக் கொண்டார்கள். 1852-ல் அமெரிக்காவின் சார்பில் எமரி என்பவரும், மெக்ஸிகோவின் சார்பில் ஸலஸார் என்பவரும் எல் பாஸோ பக்கத்தில் ஆற்றை அளந்து படம் போட்டார்கள். விவகாரம் தீர்ந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஆறு மட்டும் அப்படி நினைக்கவில்லை.

அந்தப் பிரதேசம் வறண்ட பாலை நிலம். மண் பொலபொலவென்று இருக்கும். வருஷத்தில் பாதி நாள் சிற்றோடையாக நெளியும் ஆறு, மலைப் பனி உருகினால் கரை புரண்டு வந்து விடும். தென் கரையைக் கரைத்துக் கரைத்து, வட கரையில் வண்டல் போட்டுக் கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே, அதாவது மெக்ஸிகோ பக்கம், நகர ஆரம்பித்தது. 1864-ல் பெரு வெள்ளம் வந்து ஒரேயடியாகத் தள்ளிக் கொண்டு போயிற்று. சில வருஷங்களில், முன்பு ஆற்றுக்குத் தெற்கே இருந்த சுமார் 600 ஏக்கர் நிலம் ஆற்றுக்கு வடக்கே வந்து விட்டது. அந்த இடத்துக்குச் சமிஸால் என்று பெயர். சமிஸோ என்பது அங்கே முளைக்கும் ஒரு புதர்ச் செடி. அது மண்டிய இடம் சமிஸால்.

புதர்க் காட்டுக்காகவா இரண்டு தேசங்கள் சண்டை போட்டன என்று கேட்பீர்கள். 1881-ல் எல் பாஸோவுக்கு ரயில் வந்தது. ரயிலோடு ஜனங்கள் வந்தார்கள்; கடைகள் வந்தன; வீடுகள் எழுந்தன. ஊர் ஆற்றை நோக்கி வளர்ந்தது. புதர்க் காட்டுக்கு விலை ஏறி விட்டது!

மெல்ல நகர்ந்ததா, தாவியதா?

1884-ல் இரு தேசங்களும் மறுபடி உட்கார்ந்து ஒரு விதி செய்தன. ஆறு மெல்ல மெல்ல கரையை அரித்து நகர்ந்தால், எல்லையும் ஆற்றோடு சேர்ந்து நகரும். ஆறு திடீரென்று பழைய வழியை விட்டு விட்டுப் புது வழியில் பாய்ந்தால், எல்லை பழைய வழியிலேயே நிற்கும்.

விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. உங்கள் கொல்லை வாய்க்கால் வருஷத்துக்கு ஒரு சாண் நகர்ந்தால் நீங்களும் கவனிக்க மாட்டீர்கள், அடுத்த வீட்டுக்காரரும் கவனிக்க மாட்டார். எது நடந்தது என்று அளந்து சொல்ல யாராலும் முடியாது. ஆனால் ஒரே ராத்திரியில் வாய்க்கால் உங்கள் கிணற்றடிக்கு வந்து விட்டால், கிணறு அடுத்த வீட்டுக்குச் சொந்தம் என்று யாராவது சொல்வார்களா?

சமிஸாலில் பிரச்னை என்னவென்றால், ஆறு இரண்டையும் செய்து விட்டது. சில வருஷம் நகர்ந்தது. ஒரு வருஷம் தாவியது. அமெரிக்கா நகர்ந்ததைக் காட்டிற்று. மெக்ஸிகோ தாவியதைக் காட்டிற்று.

1889-ல் இதற்கென்றே இரு தேசத்தாரும் அடங்கிய எல்லைக் கமிஷன் ஒன்று அமைந்தது. 1895-ல் பெட்ரோ இக்னேஷியோ கார்ஸியா என்ற மெக்ஸிகோக்காரர், தெற்கே இருந்த தம் நிலத்தை ஆறு வடக்கே விட்டு விட்டது, அதைத் திருப்பித் தர வேண்டும் என்று முறையிட்டார். கமிஷனில் ஆளுக்கு ஒரு பக்கம் பேசினார்கள். தீர்ப்பு வரவில்லை.

இதற்கிடையே 1899 வாக்கில் வெள்ளத்தைத் தடுப்பதற்காக இரு தேசத்தாரும் சேர்ந்து ஆற்றின் ஒரு பெரிய வளைவைக் குறுக்கே வெட்டி நேராக்கினார்கள். வெட்டியது மனிதன் கையானபடியால் எல்லை பழைய வளைவிலேயே நின்று விட்டது. இப்படித்தான் மெக்ஸிகோவின் கார்டோவா நிலம் ஆற்றுக்கு வடக்கே அகப்பட்டுக் கொண்டு 'தீவு' ஆயிற்று. பிற்காலத்தில், 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மது விலக்கு அமலில் இருந்தபோது, இந்தத் துண்டு நிலம் சாராயக் கடத்தல்காரர்களுக்கு நல்ல சௌகரியமாகப் போயிற்று. நகரத்துக்கு நடுவிலேயே அயல் தேசம் இருந்தால் கேட்க வேண்டுமா?

இல்லாத ஒரு படம்

1909-ல் அமெரிக்க ஜனாதிபதி டாஃப்டும் மெக்ஸிகோ ஜனாதிபதி போர்ஃபிரியோ டியாஸும் எல் பாஸோவிலும் ஹுவாரெஸிலும் சந்தித்தார்கள். அப்போதும் சமிஸால் பெரிய சங்கடத்தைக் கொடுத்தது. அங்கே எந்தத் தேசத்துக் கொடியைப் பறக்க விடுவது? இரண்டும் வேண்டாம், அது யாருக்கும் சொந்தமில்லாத இடமாக இருக்கட்டும் என்று முடிவு செய்தார்களாம்!

1911-ல் விவகாரம் மத்தியஸ்தத்துக்குப் போயிற்று. கனடா தேசத்துச் சட்ட நிபுணர் லாஃப்ளர் தலைமை வகித்தார். அவர் சொன்ன தீர்ப்பு இது: 1852-லிருந்து 1864 வெள்ளத்துக்கு முன்பு வரை ஆறு மெல்ல நகர்ந்தது, ஆகையால் அந்த வரைக்கும் உள்ள நிலம் அமெரிக்காவுக்கு. 1864 வெள்ளத்தில் நடந்தது மெல்ல நகர்ந்தது ஆகாது; ஆகையால் மிச்ச நிலம் மெக்ஸிகோவுக்கு.

கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 1864-ல் வெள்ளம் வருமுன் ஆறு எங்கே ஓடிற்று? 1852-க்குப் படம் இருந்தது. 1864-க்குப் படம் இல்லை! வெள்ளம் வரப் போகிறது என்று தெரிந்து முதல் நாள் யாராவது சங்கிலியும் கையுமாகப் போய் அளந்தார்களா என்ன? அந்தப் பழைய தடத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது என்றும், முழு நிலமும் யாருக்கு என்றுதான் கேட்டோமே தவிர பங்கு போட்டுத் தரச் சொல்லவில்லை என்றும் கூறி அமெரிக்கா தீர்ப்பை ஏற்க மறுத்து விட்டது.

ஒரு படம் இல்லாத குறையினால் விவகாரம் இன்னும் 52 வருஷம் நீண்டது. மெக்ஸிகோ ஜனங்களுக்கு இது ஆறாத புண்ணாக இருந்தது. நடுவர் தீர்ப்புச் சொல்லியும் பெரிய தேசம் மதிக்கவில்லையே என்ற வருத்தம் நிலத்தின் விலையை விடப் பெரிது அல்லவா?

நடுவே 1933-ல் ஓர் உடன்படிக்கை செய்து கொண்டு, எல் பாஸோவுக்குக் கீழே கோணல் மாணலாக ஓடிய ஆற்றை நேராக்கினார்கள். 155 மைல் வளைந்து வளைந்து போன ஆறு 86 மைலாகச் சுருங்கி விட்டது. அங்கே ஒரு பக்கம் போன நிலத்துக்குச் சரியாக மறு பக்கம் நிலம் கொடுத்துச் சமன் செய்தார்கள். சமிஸாலை மட்டும் அப்படியே விட்டு விட்டார்கள்.

இரண்டு ஜனாதிபதிகளின் கைகுலுக்கல்

1962 ஜூன் கடைசியில் ஜனாதிபதி கென்னடி மெக்ஸிகோ சென்றார். அங்கே ஜனாதிபதி லோபெஸ் மாதியோஸ் சமிஸால் விஷயத்தை எடுத்தார். தீர்த்து விடுவோம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். 1963 ஆகஸ்டு 29-ந் தேதி மெக்ஸிகோ நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1911 தீர்ப்பின் நியாயத்தை அமெரிக்கா பெரும்பாலும் ஒப்புக் கொண்டது. அதே நவம்பரில் கென்னடி சுடப்பட்டு இறந்தார். காரியத்தை முடித்து வைத்தவர் ஜான்ஸன்.

கணக்கு இதுதான். சமிஸாலிலும் அதை ஒட்டியும் 630 ஏக்கர் மெக்ஸிகோவுக்கு. கார்டோவா தீவில் ஏறக்குறைய பாதி, 193 ஏக்கர், அமெரிக்காவுக்கு. கழித்துப் பார்த்தால் மெக்ஸிகோவுக்கு 437 ஏக்கர் கூடுதல்.

பழைய தடம் எது என்று தேடும் வேலையையே இந்தத் தடவை விட்டு விட்டார்கள். முதலில் படத்தில் நல்லதாக ஒரு கோடு போட்டார்கள். பிறகு அந்தக் கோட்டின் மேலேயே நாலு மைலுக்குச் சற்று அதிகமான கான்கிரீட் வாய்க்கால் கட்டினார்கள். செலவில் ஆளுக்குப் பாதி. 1968 டிசம்பர் 13-ந் தேதி ஜான்ஸனும், அப்போதைய மெக்ஸிகோ ஜனாதிபதி டியாஸ் ஓர்டாஸும் வந்து நிற்க, வெடி முழங்கிற்று. ஆறு புது வாய்க்காலில் பாய்ந்தது. உலகத்தில் ஆற்றைப் பார்த்துப் படம் போடுவது வழக்கம். இங்கே படத்தைப் பார்த்து ஆற்றைப் போட்டார்கள்!

படத்தில் இல்லாத வீடுகள்

பத்திரிகைகள் எல்லாம் இதைப் பெரிய வெற்றி என்று எழுதின. வெற்றிதான், சந்தேகமில்லை. ஒரு துப்பாக்கி வெடிக்காமல், பெரிய தேசம் சின்ன தேசத்துக்கு நிலம் திருப்பிக் கொடுப்பது தினம் தினம் நடக்கிற காரியமா?

ஆனால் அந்த 630 ஏக்கர் இப்போது புதர்க் காடாக இல்லை. அங்கே 5,000-க்கும் மேற்பட்ட ஜனங்கள் குடியிருந்தார்கள். பெரும்பாலோர் மெக்ஸிகோ வம்சத்தில் வந்த அமெரிக்கப் பிரஜைகள். அவர்கள் வசித்த ஒரு பேட்டைக்கு ரியோ லிண்டா என்று பெயர். அழகிய ஆறு என்று அர்த்தம்!

உடன்படிக்கையினால் யாருடைய குடியுரிமையும் மாறாது என்று எழுதியிருந்தது. அமெரிக்கப் பிரஜைகள் அமெரிக்கப் பிரஜைகளாகவே இருக்கலாம். வீட்டில் மட்டும் இருக்க முடியாது. சர்க்கார் வீடுகளுக்கு விலை போட்டு வாங்கிக் கொண்டது. சாமான்களை ஏற்றிப் போகும் செலவுக்கும் சட்டத்தில் இடம் வைத்தது. ஆனாலும் மதிப்புப் போட்டவர் கணக்கும், அந்த வீட்டிலேயே குழந்தைகளைப் பெற்று வளர்த்தவள் கணக்கும் ஒன்றாக இருக்குமா? அந்த விலைக்கு அதே மாதிரி வீடு வேறு இடத்தில் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டவர்கள் உண்டு. அதைவிட, ஒரே தெருவில் இருந்தவர்கள் திசைக்கொருவராகச் சிதறிப் போனார்கள். ஒருவர் வீட்டுக் குழந்தையை மற்றவர் பார்த்துக் கொண்டதும், அவசரத்துக்குச் சர்க்கரை கடன் வாங்கியதும் எந்தச் சர்க்கார் ரசீதில் வரும்?

முன்னே சொன்ன 1950-ம் வருஷத்துப் படங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. கிராமப்புறத்தில் தனித் தனியாக இருக்கும் வீடுகளைச் சின்னச் சின்னக் கறுப்புச் சதுரமாகக் காட்டுவார்கள். நகரத்தில் வீடுகள் நெருங்கி இருப்பதால் அப்படிக் காட்ட இடம் இராது. ஆகவே முழுப் பகுதிக்கும் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு பூச்சுப் பூசி விடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு குட்டிக் கொடி, மாதா கோயிலுக்கு ஒரு சிலுவை, அவ்வளவுதான் அடையாளம். அடுப்பு எரிந்த வீடுகள் எல்லாம் அந்த ரோஜாப் பூச்சுக்குள் அடக்கம். படம் போட்டவர்கள் பேரில் குற்றமில்லை. அந்த அளவுக் காகிதத்தில் அவ்வளவுதான் முடியும். ஆனால் அப்படிப்பட்ட படங்களை மேஜை மேல் விரித்து, பென்சிலால் கோடு போடும்போது, பென்சிலின் முனை எத்தனை வாசற்படிகளைத் தாண்டிப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

இப்போது அங்கே போனால்

கார்டோவா தீவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த நிலத்தில், உடன்படிக்கையின் ஞாபகார்த்தமாகச் சமிஸால் தேசிய நினைவுப் பூங்கா இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹுவாரெஸிலும் சமிஸால் என்ற பெயரிலேயே பெரிய பூங்கா. நடுவே இரு தேசத்தையும் இணைக்கும் பாலம். 1970-ல் இரு தேசங்களும் இன்னோர் உடன்படிக்கை செய்து கொண்டு, இனி ஆறு இடம் மாறினால் என்ன செய்வது என்பதற்கும் விதி எழுதி வைத்தன.

ஆறு எப்படி இருக்கிறது என்று கேட்கிறீர்களா? மேலே அணைகள் தண்ணீரைத் தேக்குகின்றன. கால்வாய்கள் வயலுக்குக் கொண்டு போகின்றன. கான்கிரீட் வாய்க்காலில் பல மாதங்களுக்கு மெல்லிய கோடாகத்தான் தண்ணீர் தெரியும். 600 ஏக்கரை அலாக்காகத் தூக்கி அக்கரையில் வைத்த முரட்டு ஆறா இது என்று பார்ப்பவர்கள் வியப்பார்கள்.

நம் வீடுகளிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தேசப் படம் வரையும்போது எல்லைக் கோட்டை வெகு அலட்சியமாக இழுத்து விடுகிறார்கள். பரீட்சைக்கு அது போதும். அடுத்த தடவை உங்கள் பிள்ளை அப்படி வரையும்போது, ரியோ லிண்டாவைப் பற்றி அவனுக்குச் சொல்லுங்கள். அந்தப் பேட்டையில் அடுக்களைகள் இருந்தன. கொடியில் துணி உலர்ந்தது. சாயங்காலங்களில் தாய்மார்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இரண்டு தேசங்களும் சிநேகமாக இருப்பதற்காக அவர்கள் வீட்டைக் காலி செய்து கொடுத்தார்கள்.